கடனைப் பாதியாக்கித் தருகிறோம் என்பவர்கள்

‘மூன்று மாதமாக இ.எம்.ஐ. கட்ட முடியவில்லையா? இனிமேல் வங்கிக்காரர்கள் எங்களோடு பேசட்டும். பாக்கியைப் பாதியாக்கித் தருகிறோம்.’ கைப்பேசியில் ரீல்ஸ் பார்ப்பவர்களுக்கு இந்தக் குரல் பழகிப்போன ஒன்று. பெர்சனல் லோன், கிரெடிட் கார்டு, லோன் ஆப் என்று அடமானம் இல்லாமல் வாங்கிய கடன்கள்தான் இந்த செட்டில்மென்ட் நிறுவனங்களின் களம். செட்டில்மென்டே கூடாது என்று இந்த அத்தியாயம் சொல்லவில்லை. வேலை போனவருக்கு, வியாபாரம் படுத்தவருக்கு, மருத்துவச் செலவில் சேமிப்பெல்லாம் கரைந்தவருக்கு அது முறையான ஒரு வழி. வங்கிகளே வைத்திருக்கும் வழி. இடையில் ஒரு நிறுவனம் எதற்கு என்பதுதான் கேள்வி. தள்ளுபடி தருவது வங்கி. தவணை தவறியதன் விளைவுகளைச் சுமப்பது கடன் வாங்கியவர். நடுவில் நின்று கட்டணம் வாங்குபவர் தன் பங்காக எதைத் தருகிறார் என்று பார்த்தால், பெரும்பாலும் மிஞ்சுவது ‘தவணையை நிறுத்துங்கள்’ என்ற அறிவுரை மட்டுமே.

முதலில், தள்ளுபடி எப்படி முடிவாகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். சமரசத் தீர்வுகளுக்கான வழிகாட்டு நெறிகளை ரிசர்வ் வங்கி 2023 ஜூன் 8 அன்று வெளியிட்டது. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தங்கள் இயக்குநர் குழு ஒப்புதல் அளித்த கொள்கையின்படிதான் செட்டில்மென்ட் செய்ய வேண்டும். கடனை அனுமதித்த அதிகாரியைவிடக் குறைந்தது ஒரு படி மேலே உள்ளவர்தான் தள்ளுபடியை அனுமதிக்க வேண்டும். கடன் கொடுத்த முடிவில் பங்கெடுத்தவர் அதே கடனின் தள்ளுபடி முடிவில் உட்காரக் கூடாது. கடன் எத்தனை நாள் நிலுவை, அடமானம் உண்டா, வாங்கியவரின் வருமானம் என்ன, வழக்குப் போட்டால் எவ்வளவு தேறும் என்பவைதான் அங்கே எடைபோடப்படுகின்றன. வெளியாள் ஒருவர் எவ்வளவு சாமர்த்தியமாகப் பேசுகிறார் என்பதற்கு அந்தக் கோப்பில் இடமே கிடையாது. ‘எல்லா வங்கியிலும் எங்களுக்கு ஆள் இருக்கிறது’ என்று ஒருவர் சொன்னால் அது பொய்யாக இருக்கலாம், அல்லது வங்கி ஊழியர் ஒருவர் செய்யக்கூடாத காரியத்தைச் செய்கிறார் என்று பொருள். இரண்டில் எதை நம்பியும் பணம் கட்ட முடியாது.

நிறுவனத்தின் உத்தி எளிமையானது. ஒழுங்காகத் தவணை கட்டுபவருக்கு எந்த வங்கியும் தள்ளுபடி தராது. ஆகவே தட்டுத்தடுமாறியாவது கட்டிக்கொண்டிருப்பவரை முதலில் நிறுத்தச் சொல்ல வேண்டும். தவணை தவறி 90 நாள் கடந்தால் அது வாராக்கடன். அதற்குப் பிறகுதான் வங்கி பேரத்துக்கு இறங்கும். அந்தச் சில மாதங்களில் வங்கிக்குக் கட்ட வேண்டிய பணத்தை ஒதுக்கி வையுங்கள், அதிலிருந்து எங்கள் மாதக் கட்டணத்தைக் கொடுங்கள் என்பது ஏற்பாடு. ஏற்கெனவே ஆறு மாதமாக ஒரு ரூபாயும் கட்ட முடியாமல் இருப்பவருக்கு இந்த அறிவுரையால் புதிதாகக் கெடுவதற்கு அதிகமில்லை. சிரமப்பட்டு இன்னும் தவணை கட்டிக்கொண்டிருப்பவரின் நிலை வேறு. அவர் கணக்கு இன்னும் கெடவில்லை. வங்கியிடம் தவணைக் காலத்தை நீட்டிக் கேட்கும் வாய்ப்பு கையில் இருக்கிறது. அவரைப் பார்த்து நிறுத்தச் சொல்வது, இல்லாத நோயை வரவழைத்துவிட்டு வைத்தியத்துக்குக் காசு கேட்பது போன்றது.

பாதியாகக் குறையும் என்ற வாக்குறுதியை ஒரு மாதிரிக் கணக்கில் வைத்துப் பார்க்கலாம். கிரெடிட் கார்டில் ரூ.3,00,000 பாக்கி, மாத வட்டி 3.5 சதவீதம் என்று கொள்வோம். இந்திய கார்டுகளில் இது சாதாரண விகிதம்தான். பன்னிரண்டு மாதம் எதுவும் கட்டாமல் விட்டால் வட்டிக்கு வட்டி ஏறி பாக்கி சுமார் ரூ.4,53,000 ஆகிவிடும், வட்டி மேல் விழும் ஜி.எஸ்.டி.யும் தாமதக் கட்டணமும் இதில் சேரவில்லை. வங்கி மனமிரங்கிப் பாதியை ஏற்றுக்கொள்கிறது: ரூ.2,26,500. நிறுவனத்தின் கட்டணம் மாதம் ரூ.3,000, தள்ளுபடித் தொகையில் 10 சதவீதம் என்றால் அது ரூ.58,650, 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் ரூ.69,000 தாண்டும். ஆக மொத்தம் சுமார் ரூ.2,96,000 கைவிட்டுப் போகிறது. தொடங்கிய நாளில் இருந்த பாக்கியே மூன்று லட்சம்தான். ஊதிப் பெருத்த தொகையில் பாதி என்பதை, வாங்கிய தொகையில் பாதி என்று காதில் விழும்படி சொல்வதில்தான் விளம்பரத்தின் திறமை இருக்கிறது. அதே பேரத்தைக் கடன் வாங்கியவர் நேரடியாக முடித்திருந்தால் அந்த ரூ.69,000 அவரிடமே இருந்திருக்கும். வாராக்கடனுக்கு வங்கி வட்டி போடாதே என்று சிலர் கேட்பார்கள். வங்கி அந்த வட்டியைத் தன் வருமானமாகக் காட்டாது, அவ்வளவுதான். உங்களிடம் கேட்கும் தொகையில் அது சேர்ந்துகொண்டேதான் போகும்.

பணத்தைவிடப் பெரிய ஆபத்து சட்டத்தில் இருக்கிறது. தவணைக்காக நீங்கள் கையெழுத்திட்டுக் கொடுத்த தானியங்கிப் பிடித்த ஆணை, கணக்கில் பணமில்லாமல் திரும்பினால், 2007-ஆம் ஆண்டின் பணம் செலுத்துதல் மற்றும் தீர்வு முறைமைகள் சட்டத்தின் 25-ஆம் பிரிவின்படி அது குற்றம். செக் பவுன்ஸுக்கான 138-ஆம் பிரிவைப் போலவே இதற்கும் இரண்டாண்டு வரை சிறை, தொகையைப் போல் இரண்டு மடங்கு வரை அபராதம் உண்டு. ‘கடன் கட்டாதது சிவில் விஷயம், யாரும் உங்களைக் கைது செய்ய முடியாது’ என்று நிறுவனம் தைரியம் சொல்வது பாதி உண்மை. கட்ட இயலாமை குற்றமல்ல. ஆனால் சம்பளக் கணக்கைக் காலிசெய்து வைத்து ஆணையைத் திரும்ப வைக்கச் சொல்லும் அறிவுரை உங்களை நேராக அந்த 25-ஆம் பிரிவில் கொண்டுபோய் நிறுத்துகிறது. நோட்டீஸ் வந்து 15 நாளுக்குள் தொகையைக் கட்டினால் தப்பிக்கலாம். ஆனால் நோட்டீஸ் உங்கள் கண்ணில் பட வேண்டுமே.

அங்கேதான் இன்னொரு கண்ணி இருக்கிறது. வங்கியிலிருந்து வரும் தொல்லை நிற்கவேண்டும் என்பதற்காக, தொடர்பு எண்ணையும் மின்னஞ்சலையும் தங்கள் பெயருக்கு மாற்றித் தரச் சொல்லும் நிறுவனங்கள் உண்டு. எண்ணையே மாற்றிவிடுங்கள் என்று சொல்பவர்களும் உண்டு. பெரும்பாலான பெர்சனல் லோன் ஒப்பந்தங்களில் தகராறு வந்தால் நடுவர் விசாரணை என்ற பிரிவு இருக்கும். அந்த நடுவரின் அழைப்பு மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ வந்து, பார்ப்பாரற்றுக் கிடந்து, நீங்கள் இல்லாமலே தீர்ப்பு எழுதப்பட்டால், அது நீதிமன்றத் தீர்ப்பைப் போலவே நிறைவேற்றத் தக்கது. சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயும் மிச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கும் போக, எஞ்சியதை ஜப்தி செய்ய உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு இடம் தருகிறது. அதுவரை தைரியம் சொன்ன நிறுவனத்துக்கு அந்த வழக்கில் எந்தப் பொறுப்பும் இல்லை. ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் அதை அவர்களே எழுதி வைத்திருப்பார்கள். இன்னும் இரண்டு இடங்களில் அடி விழும். கடன் வாங்கிய வங்கியிலேயே சேமிப்புக் கணக்கு இருந்தால், அதிலுள்ள பணத்தை வங்கி கடனுக்கு ஈடுகட்டிக்கொள்ளலாம். ஜாமீன் கையெழுத்துப் போட்ட மச்சானோ நண்பரோ இருந்தால், நீங்கள் எண்ணை மாற்றிய மறுவாரமே போன் அவருக்குப் போகும்; சட்டப்படி அவர் பொறுப்பும் உங்கள் பொறுப்பும் ஒன்றுதான்.

வீட்டுக் கடன், நகைக் கடன், வாகனக் கடன் விஷயத்தில் இவர்களிடம் போவதற்குக் காரணமே இல்லை. அடமானம் கையில் இருக்கும்போது வங்கி பாதிக்கு ஒப்புக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை. வீடு என்றால் சர்ஃபேசி சட்டத்தின்படி 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு நீதிமன்றம் போகாமலே சுவாதீன நடவடிக்கையைத் தொடங்கிவிடும்.

இந்தத் தொழில் பழமையாக வேரூன்றிய நாடு அமெரிக்கா. அங்கே நடந்தது நமக்குச் சான்று. 2010-இல் அந்நாட்டு நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பின் ஊழியர்கள் கடனாளிகள் போல் நடித்து 20 நிறுவனங்களுக்குப் போன் போட்டார்கள். 17 நிறுவனங்கள், ஒரு கடனையும் தீர்க்குமுன்பே கட்டணம் வாங்குவோம் என்றன. ஏறக்குறைய எல்லா நிறுவனங்களும் தவணை கட்டுவதை நிறுத்தச் சொல்லின. வெற்றி விகிதம் நூற்றுக்கு நூறு என்று கூசாமல் சொன்னவர்களும் இருந்தார்கள். ஆனால் கூட்டாட்சி வணிக ஆணையமும் மாநில அரசுகளும் விசாரித்த வழக்குகளில், திட்டத்தைக் கடைசிவரை முடித்துக் கடனிலிருந்து விடுபட்டவர்கள் பெரும்பாலும் பத்து சதவீதத்துக்கும் குறைவு. அந்த ஆண்டு அக்டோபர் 27 முதல், தொலைபேசி வழியே ஆள் பிடிக்கும் நிறுவனங்கள் கடனைத் தீர்க்குமுன் கட்டணம் வாங்கக் கூடாது என்ற விதி அங்கே அமலுக்கு வந்தது. இங்கே இந்தத் தொழிலுக்கென்று ரிசர்வ் வங்கி உரிமம் எதுவும் வழங்குவதில்லை. இணையதளத்தின் அடியில் காட்டப்படும் கம்பெனிப் பதிவு எண்ணும் ஜி.எஸ்.டி. எண்ணும் எந்த வியாபாரத்துக்கும் கிடைப்பவை. கடன் பேச அங்கீகாரம் உண்டு என்பதற்கு அவை ஆதாரம் ஆகாது.

ரிசர்வ் வங்கி சும்மாவும் இருக்கவில்லை. கடன் தள்ளுபடி வாங்கித் தருவதாக விளம்பரம் செய்து, ‘கடன் தள்ளுபடிச் சான்றிதழ்’ என்று ஒன்றைக் கொடுத்து, சேவைக் கட்டணம், சட்டக் கட்டணம் என்று வசூலிக்கும் ஆட்கள் இருப்பதாக 2023 டிசம்பர் 11 அன்று பொதுமக்களை எச்சரித்தது. அந்தக் காகிதத்துக்கு எந்த மதிப்பும் இல்லை. எல்லா செட்டில்மென்ட் நிறுவனங்களும் அந்த அளவுக்கு இறங்கியவை அல்ல என்பது நியாயமான பேச்சு. கொஞ்சம் ஒழுங்காக நடப்பவை, ‘எங்களிடம் வழக்கறிஞர் குழு இருக்கிறது’ என்று முன்னிறுத்திக்கொள்ளும். அதையும் சற்று உரசிப் பார்க்க வேண்டும். இந்திய பார் கவுன்சில் விதிகளின்படி வழக்கறிஞர் விளம்பரம் செய்து வழக்குப் பிடிக்கக் கூடாது. கிடைக்கும் பலனில் இத்தனை சதவீதம் என்று கட்டணம் பேசக் கூடாது. வழக்கறிஞர் அல்லாதவரோடு கட்டணத்தைப் பங்கு போடக் கூடாது. இணையதளங்கள் வழியாக வழக்கறிஞர் சேவையைக் கடைச்சரக்குபோல் விற்பதை 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் கடுமையாகச் சாடி, நடவடிக்கை எடுக்கும்படி பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. ஆக, தள்ளுபடியில் சதவீதம் கேட்கும் நிறுவனத்தில் உங்களுக்காக வேலை செய்வதாகச் சொல்லப்படும் வழக்கறிஞர், ஒன்று உங்கள் வழக்கறிஞரே அல்ல. அல்லது தன் தொழில் விதியை மீறுகிறார். அவர் பெயரில் நீங்கள் வக்காலத்துக் கையெழுத்துப் போட்டீர்களா என்று கேட்டுக்கொண்டாலே நிலைமை புரிந்துவிடும்.

இத்தனைக்கும் ஒரு வலுவான மறுப்பு உண்டு. கடனில் சிக்கியவரைக் கொல்வது வட்டியல்ல, போன். அலுவலகத்துக்கும் மாமியாருக்கும் போன் போட்டு மானத்தை வாங்கும் வசூல் முகவர்களிடமிருந்து ஒரு நிறுவனம் காப்பாற்றுமானால் அதற்கு மாதம் சில ஆயிரம் கொடுப்பதில் என்ன தவறு? வேதனை உண்மையானது, ஆனால் அந்த நிறுவனம் வாங்கித் தரும் பாதுகாப்பு அப்படியல்ல. ‘இனி எங்களிடம் பேசுங்கள்’ என்று அது அனுப்பும் கடிதம் வங்கியைக் கட்டுப்படுத்தாது. வங்கியைக் கட்டுப்படுத்துவது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. 2022 ஆகஸ்ட் 12 சுற்றறிக்கையின்படி காலை 8 மணிக்கு முன்போ மாலை 7 மணிக்குப் பின்போ வசூலுக்காகப் போன் செய்யக் கூடாது. மிரட்டவோ, பொதுவில் அவமானப்படுத்தவோ, குடும்பத்தாரையும் நண்பர்களையும் தொந்தரவு செய்யவோ கூடாது. முகவரின் செயலுக்கு வங்கியே பொறுப்பு. எண், நேரம், சொன்ன வார்த்தை ஆகியவற்றைக் குறித்து வைத்து வங்கியின் குறைதீர் அதிகாரிக்கு எழுத வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, 14448 என்ற எண்ணில் வழி கேட்கலாம். நிறுவனத்தின் ‘தொல்லைத் தடுப்பு சேவை’ என்பது பல நேரங்களில் இதே புகாரை உங்கள் பெயரில் தட்டச்சு செய்து அனுப்புவதுதான்.

பேரம் பேசத் தெரியாதவர்கள் என்ன செய்வது, வருமான வரிக்கு ஆடிட்டரை வைத்துக்கொள்வதில்லையா என்றும் கேட்கலாம். ஆடிட்டர் வரியைக் கட்டாதே என்று சொல்லித் தன் வேலையைத் தொடங்குவதில்லை. அதோடு அவருக்குத் தொழில் அமைப்பு உண்டு, தவறு செய்தால் அங்கே பதில் சொல்ல வேண்டும். கடன் தீர்ந்த பிறகே கட்டணம் வாங்கும் நிறுவனம் பரவாயில்லை என்பதை ஒப்புக்கொள்ளலாம். முன்பணம் கேட்பவரைவிட அவர் மேல். ஆனால் தள்ளுபடி கூடக்கூட அவர் கட்டணமும் கூடும் என்பதால், கணக்கு எவ்வளவு கெடுகிறதோ அவ்வளவு அவருக்கு ஆதாயம். தவணை நீட்டிப்பு, வட்டிக் குறைப்பு, கார்டு பாக்கியைக் குறைந்த வட்டித் தவணையாக மாற்றுவது போன்ற, உங்களுக்கு நல்லதான வழிகளில் அவருக்கு ஒரு காசும் கிடைக்காது. அவற்றை அவர் வாயிலிருந்து எதிர்பார்ப்பது வீண்.

சிபில் அறிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை. செட்டில்மென்ட் முடிந்ததும் கடன் ‘மூடப்பட்டது’ என்று பதிவாகாது, ‘செட்டில் செய்யப்பட்டது’ என்றுதான் பதிவாகும்; அடுத்த வங்கி அதை, இவர் முழுசாகக் கட்டாதவர் என்று படிக்கும். அந்தப் பதிவு ஆண்டுக்கணக்கில் நிற்கும். விவசாயக் கடன் அல்லாதவற்றில், செட்டில்மென்ட் கொடுத்த நிறுவனம் குறைந்தது 12 மாதம் உங்களுக்குப் புதுக்கடன் தரக் கூடாது என்பதும் 2023 நெறிமுறையில் இருக்கிறது. இதைத் துடைத்துத் தருகிறோம் என்று தனிக் கட்டணம் கேட்பவர்களுக்கு அந்த அதிகாரம் கிடையாது. பதிவில் தவறு இருந்தால் நீங்களே இலவசமாகப் புகார் செய்யலாம். 30 நாளில் சரிசெய்யாவிட்டால் நாளொன்றுக்கு ரூ.100 உங்களுக்குத் தர வேண்டும்.

உண்மையிலேயே கட்ட வழியில்லாதவர் செய்ய வேண்டியது, வங்கிக்குத் தானே எழுதுவது. வருமானம் நின்றதற்கான சான்று, குடும்பச் செலவுக் கணக்கு, ஒரே தடவையில் எவ்வளவு திரட்ட முடியும் என்ற தொகை ஆகிய மூன்றும் கடிதத்தில் இருந்தால் போதும். நயமான மொழி வேண்டாம். வங்கி ஒப்புக்கொண்டால், வசூல் முகவர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் படத்தை நம்பிப் பணம் கட்டக் கூடாது. வங்கியின் தலைப்புத்தாளில், கடன் கணக்கு எண்ணோடு, ஒப்புக்கொண்ட தொகை, கட்ட வேண்டிய கடைசித் தேதி, இதற்குமேல் பாக்கி கோரப்பட மாட்டாது என்ற வாசகம், நிலுவை வழக்கை வாபஸ் வாங்கும் உறுதி ஆகிய அனைத்தும் இருக்கும் கடிதம் வேண்டும். அந்தக் கடிதத்தைக் கிளையிலோ வங்கியின் அதிகாரபூர்வ மின்னஞ்சலிலோ சரிபார்த்த பிறகே, நேரடியாகக் கடன் கணக்கில் கட்ட வேண்டும். தவணையாகக் கட்ட ஒப்புக்கொண்டிருந்தால் ஒரு தவணை தவறினாலும் சலுகை ரத்தாகிவிடும் என்ற வரி அதில் ஒளிந்திருக்கும். அதைத் தேடிப் படியுங்கள். பேச்சு முறிந்தால் லோக் அதாலத் இருக்கிறது. வழக்குப் போடும் முன்பே வங்கிக் கடன் தகராறுகள் அங்கே எடுக்கப்படுகின்றன. கட்டணம் இல்லை, அங்கே ஏற்படும் உடன்பாடு நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். பெண்கள், பட்டியல் வகுப்பினர், குறைந்த வருமானம் உள்ளவர்கள் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வழக்கறிஞரைப் பெறலாம். 15100 என்ற எண்ணில் கேட்டால் போதும். ஊரில் ‘மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துவிட்டான்’ என்று இளக்காரமாகச் சொல்லப்படும் திவால் மனுவும் சட்டம் தந்த வழிதான். ஆனால் 2016-ஆம் ஆண்டுத் திவால் சட்டத்தில் தனிநபர்களுக்கான பகுதி பெருமளவு இன்னும் நடைமுறைக்கு வராததால், பிரிட்டிஷ் காலத்துச் சட்டங்களின்கீழ்தான் அது நடக்கிறது. செட்டில்மென்ட் கடைகள் இவ்வளவு பெருகியதற்கு அந்த வெற்றிடம் ஒரு முக்கியக் காரணம் என்பது என் கணிப்பு.

ஏற்கெனவே ஒரு நிறுவனத்தில் சேர்ந்துவிட்டவர்கள் வெட்கப்பட்டு மறைக்க வேண்டியதில்லை. இன்றே செய்ய வேண்டிய முதல் வேலை, வங்கிப் பதிவில் உங்கள் எண்ணும் மின்னஞ்சலும் முகவரியும் உங்களுடையதாகவே இருக்கின்றனவா என்று பார்த்து மாற்றுவது. பிறகு யு.பி.ஐ. செயலியில் ஆட்டோபே பகுதியைத் திறந்து அந்த நிறுவனத்தின் மாதப் பிடித்தத்தை ரத்து செய்யுங்கள். நீங்கள் கொடுத்த அதிகாரக் கடிதத்தை வாபஸ் பெறுவதாக நிறுவனத்துக்கும் வங்கிக்கும் ஒரே மின்னஞ்சலில் எழுதுங்கள். உங்களுக்கு இதுவரை வந்த சட்ட நோட்டீஸ்கள் அனைத்தின் பிரதியையும் கேட்டு வாங்குங்கள். நடுவர் விசாரணைத் தேதி ஏதாவது நெருங்கியிருந்தால் மற்ற எல்லாவற்றையும் விட அதுவே அவசரம். கட்டிய கட்டணத்துக்கு வேலை நடக்கவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுக்கலாம். நீங்கள் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் மனுக் கட்டணம் இல்லை. வங்கிக்குச் சேர வேண்டிய செட்டில்மென்ட் தொகையையே தன் கணக்கில் வாங்கிக்கொண்டு நிறுவனம் மறைந்துவிட்டால், அது நுகர்வோர் வழக்கு அல்ல, மோசடி. அன்றைக்கே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.